மைக் பிடிக்கப் போகிற தம்பி தங்கச்சிமாருக்கு: தொலைக்காட்சி வர்ணனையில் நான் பட்டது

மல்லாவி, முழங்காவில், விசுவமடு, ஒட்டுசுட்டான் என்று வன்னியின் எந்த மூலையில் சுற்றுப்போட்டி நடந்தாலும் இப்போது அது ஃபோனில் நேரலையாக ஓடுகிறது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற ஊர்ச்சனம் வேலைக்கு நடுவிலும் பார்க்கிறது. அந்த நேரலையில் மைக் பிடிக்கிற பிள்ளைகள்தான் எனக்கு அடிக்கடி மெசேஜ் போடுகிறார்கள்: "அக்கா, ரிவியில நேர்முக வர்ணனை செய்யவேணும் எண்டு ஆசை. என்ன செய்யலாம்?" இரண்டு வரியில் பதில் போட்டுப் போட்டு எனக்கே மனம் ஆறவில்லை. நான் போன நேரம் இதையெல்லாம் சொல்லித்தர ஒருத்தரும் இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இருந்து அந்த வேலைக்குப் போன யாரையும் எனக்குத் தெரியாது. உழைத்தும் கைக்கு வராத ஒரு லட்சத்து எண்பதினாயிரம் ரூபா, அடைவுக்குப் போன அம்மாவின் சங்கிலி, குரல் இல்லாமல் வீட்டில் கிடந்த அரை வருடத்துக்கு மேற்பட்ட காலம் எல்லாவற்றையும் நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். எனக்கு இந்த வேலை இன்றைக்கும் உயிர். போகிறவர்கள் தெரிந்துகொண்டு போகட்டும்.

எங்கள் வீடு கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில். அப்பா விளையாட்டுப் பைத்தியம். நான் கைக்குழந்தையாக இருந்த காலத்தில், போர்க்காலப் பொருளாதாரத் தடையால் வன்னியில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் வர விடமாட்டார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற கரண்டில்தான் ரேடியோ கேட்பார்கள். 1996 மார்ச் 17, லாகூரில் இலங்கையும் அவுஸ்திரேலியாவும் ஆடிய உலகக் கிண்ண இறுதிப் போட்டியை எங்கள் முற்றத்தில் அப்படித்தான் கேட்டார்களாம். அண்ணா சுற்றக் கை சோர்ந்தால் அரவிந்த டி சில்வா அடித்த பந்து எல்லைக்குப் போனதா இல்லையா என்று தெரியாமலே ரேடியோ நின்றுவிடும். முற்றமே அண்ணாவைப் பார்த்துக் கத்தும். அரவிந்த ஆட்டமிழக்காமல் 107 எடுத்து, இலங்கை 7 விக்கெட்டால் வென்ற அந்தப் போட்டியை அப்பா கண்ணால் பார்த்தது போலவே சொல்லுவார். திருச்சி வானொலி இழுக்கிற நாட்களில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையையும் கேட்டிருக்கிறார். பந்து எங்கே விழுந்தது, யார் ஓடினார், காற்று எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் வாயால் கட்டியெழுப்பிக் காட்டுவதுதான் வர்ணனை என்று எனக்குள் ஏறியது அப்பாவிடம் இருந்து. பிறகு தொலைக்காட்சிக்குப் போன இடத்தில் இந்த எண்ணத்தைப் பாதிக்கு மேல் கழற்றி வைக்க வேண்டி வந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

நான் முதலில் மைக் பிடித்தது 2017இல், எங்கள் கழகம் நடத்திய உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியில். வழமையாக அறிவிப்புச் செய்கிற அண்ணைக்கு அன்றைக்கு வரமுடியவில்லை. "தங்கச்சி, நீ பள்ளிக்கூடத்தில பேச்சுப்போட்டிக்குப் போனனியெல்லே, வந்து இதைப் பிடி" என்று செயலாளர் மைக்கைக் கையில் தந்தார். அன்றில் இருந்து நெல் அறுவடை முடிந்து வயல் காய்கிற காலம் வந்தால் சனி ஞாயிறு முழுக்க நான் மைதானத்தில்தான். ஒரு நாளைக்கு 1,500 ரூபா, ஒரு கொத்துப் பார்சல், சிலவேளை ஒரு நினைவுக்கேடயம். அந்த மைதானங்கள் எனக்கு நிறையக் கற்றுத்தந்தன. பெயர்களை வேகமாக மனதில் பிடிக்க, தண்ட உதைக்கு ஆள் வந்து நிற்கிற அந்த நேரத்தில் சனத்தை இழுத்துப் பிடிக்க, சண்டை வந்தால் குரலை உயர்த்தாமல் ஆட்களை அமர்த்த எல்லாம் அங்கேதான் பழகினேன். ஆனால் மைதான அறிவிப்பு என்பது அனுசரணையாளர் பெயர் வாசிப்பது, வழியை மறித்து நிற்கிற மோட்டார் சைக்கிள் இலக்கத்தைச் சொல்வது, கோல் விழுந்தால் சனத்தோடு சேர்ந்து கத்துவது. இதில் கெட்டிக்காரராக இருப்பவர் தொலைக்காட்சியிலும் கெட்டிக்காரராக இருப்பார் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டுக்கும் வாய்தான் பொது.

2021 கடைசியில், கொழும்பில் தொலைக்காட்சிக்கு விளையாட்டு நிகழ்ச்சிகள் தயாரித்துக் கொடுக்கிற ஓர் இடத்தில் தமிழ் வர்ணனைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்தது. பெயர் சொல்ல விரும்பவில்லை. குரல் மாதிரி அனுப்பச் சொன்னார்கள். மைதானத்தில் எடுத்த வீடியோவை அனுப்பினேன், பதில் இல்லை. அங்கே வேலை செய்த ஒரு தம்பி இரக்கப்பட்டுச் சொன்னான்: "அக்கா, ஸ்பீக்கர்ச் சத்தம் வேண்டாம். யூடியூப்பில ஒரு மட்சைப் போட்டு, சவுண்டை நிப்பாட்டிப்போட்டு, நீங்க தனிய சொல்லி ரெக்கோர்ட் பண்ணி அனுப்புங்கோ." இது பொன்னான ஆலோசனை. இப்போது எனக்கு மெசேஜ் போடுகிற எல்லோருக்கும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். பத்து நிமிடம் போதும். சொல்லி முடித்துவிட்டு உடனே கேட்காமல் அடுத்த நாள் கேளுங்கள். ஒரே சொல் எத்தனை தரம் வருகிறது, மூச்சு எங்கே முட்டுகிறது, பந்து காலை விட்டுப் போன பிறகும் பழைய ஆளின் பெயரையே சொல்லிக்கொண்டு நிற்கிறீர்களா என்று எல்லாம் தெரியும். அப்படி ஒரு பதிவை அனுப்பித்தான் எனக்கு அழைப்பு வந்தது.

தொலைக்காட்சி வர்ணனை என்றால் மைதானத்தில் உயரமான இடத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துச் சொல்வது என்று நம்பிக்கொண்டு போனேன். என்னைக் கொண்டுபோய் இருத்தியது ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில். சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை போல ஏதோ ஒட்டியிருந்தது. முன்னால் ஒரு திரை, காதில் ஹெட்போன், வாயருகே மைக், பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. போட்டி நடப்பது வேறு ஊரில். படம் மட்டும் எங்களிடம் வரும். உலகம் முழுக்க நிறைய மொழி வர்ணனைகள் இப்படித்தான் நடக்கின்றன. இதில் உள்ள சிக்கல் இருந்து பார்த்தால்தான் விளங்கும். கமரா காட்டுவது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். பந்து வலது மூலையில் நிற்கும்போது இடது பக்கம் நடுவர் யாருக்கோ மஞ்சள் அட்டை காட்டினால் உங்களுக்குத் தெரியாது. மாற்று வீரர் உள்ளே வந்ததை எழுத்தில் போட மறந்தால் அதுவும் தெரியாது. ஆகவே தெரியாததை ஊகித்து அடித்து விடாமல், அடுத்த படம் வரும்வரை பொறுத்துச் சொல்கிற பக்குவம் வேண்டும். அந்தச் சின்னப் பெட்டியில் இருக்கிற பொத்தான்களில் ஒன்றை அழுத்தினால் உங்கள் மைக் செத்துவிடும்; இருமலோ தும்மலோ வந்தால் அதற்காக. இன்னொன்று தயாரிப்பாளரோடு மட்டும் பேச. அவர் உங்கள் காதுக்குள் ஓயாமல் கதைத்துக்கொண்டே இருப்பார். "முப்பது செக்கனில விளம்பரம்", "ரீப்ளே வருது", "ஸ்கோரைச் சொல்லு." எனக்கு அது பாதி சிங்களத்தில், பாதி ஆங்கிலத்தில் வந்தது. காது ஒரு மொழியில் வேலை செய்ய, வாய் இன்னொரு மொழியில் தடக்காமல் ஓட வேண்டும். இதை வீட்டில் பழகலாம். மட்ச் சொல்லிப் பழகும்போது பக்கத்தில் ரேடியோச் செய்தியைப் போட்டுவிட்டு, இரண்டையும் பிடிக்கப் பாருங்கள். முதலில் தலை சுற்றும். பிறகு பழகிவிடும்.

முதல் போட்டி முடிந்து வெளியே வந்தபோது அந்தத் தயாரிப்பாளர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா படத்தில தெரியிறதையே திரும்பச் சொல்றீங்க." அப்பாவின் ரேடியோவில் இருந்து வந்த பழக்கம் அது. வானொலி கேட்பவருக்குக் கண் இல்லை. நாங்கள் கண்ணாக இருக்க வேண்டும். தொலைக்காட்சி பார்ப்பவருக்குக் கண் இருக்கிறது. "வலது பக்கமாக ஓடுகிறார்" என்றால், தெரிகிறதே என்றுதான் அவர் நினைப்பார். அவுஸ்திரேலிய அணித்தலைவராக இருந்து பிறகு வர்ணனைக்கு வந்த ரிச்சி பெனோ வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடித்த விதி இதுதான்: படத்துக்கு மேலே ஏதாவது சேர்க்க இருந்தால் வாயைத் திற, இல்லாவிட்டால் பேசாமல் இரு. அவருடைய பழைய போட்டிகளை எடுத்துப் பாருங்கள், விக்கெட் விழுந்த பிறகு எவ்வளவு நேரம் சனத்தின் சத்தத்தை மட்டும் ஓட விடுகிறார் என்று. எங்கள் நாட்டவருக்கு மிகவும் பிடித்த ரொனி கிரேக் அதற்கு நேர் எதிர்; கொட்டித் தீர்ப்பார். ஆனால் அவரும் எங்கே கொட்ட வேண்டும் என்று தெரிந்து கொட்டியவர். நான் இந்த இருவரையும் இரவிரவாகப் போட்டுப் பார்த்தேன். கோல் விழுந்ததும் அடித்தவரின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு மூன்று மூச்சு எடுத்துவிடும் வரை வாயை மூடிப் பழகினேன். மைதானத்தில் வளர்ந்த எனக்கு அந்த அமைதிதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

அப்படியென்றால் பேசுவதற்கு என்ன இருக்கிறது? படத்தில் இல்லாதது இருக்கிறது. அதற்குத்தான் தயாரிப்பு. நான் ஒரு ஏ-4 தாளை நெடுக்காக மடித்து, இடப்பக்கம் ஓர் அணி நீல மையில், வலப்பக்கம் மற்ற அணி சிவப்பு மையில், ஜேர்சி இலக்க ஒழுங்கில் எழுதுவேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இரண்டே இரண்டு சொல்: ஊர், அவரைப் பற்றி ஒரு செய்தி. வலைப்பந்தாட்டப் போட்டி என்றால் தர்ஜினி சிவலிங்கம் 2.08 மீற்றர் உயரம் என்பது எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் ஈவினைக் கிராமத்துப் பிள்ளை, 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் எல்லா நாட்டவரையும் விட அதிக கோல் போட்டவர் என்பதைச் சரியான இடத்தில் சொன்னால் பார்க்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். வியாஸ்காந்த் பந்து வீச வந்தால் 'யாழ்ப்பாணப் பெடியன்' என்று மட்டும் சொல்லிவிட்டு விடாமல், யாழ் மத்திய கல்லூரியில் இருந்து 2020 முதலாவது எல்.பி.எல். (லங்கா பிரீமியர் லீக்) தொடரிலேயே விளையாட வந்தவர் என்று சொல்லலாம். இப்படி எழுதியதில் பத்தில் ஒன்றுதான் ஒரு போட்டியில் பயன்படும். மற்றதெல்லாம் வீண் என்று நினைக்காதீர்கள். மழை வந்து ஆட்டம் நின்று, தயாரிப்பாளர் காதுக்குள் "இழுத்துக்கொண்டு போ" என்று சொல்கிற நேரம் அந்தத் தாள்தான் காப்பாற்றும். சிங்களப் பெயர்களை நான் விளையாட்டு அமைச்சில் வேலை செய்த ஒரு நண்பியிடம் ஃபோனில் சொல்லிச் சரிபார்த்துக்கொள்வேன். ஒரு பெயரைப் பிழையாக உச்சரித்தால் அந்தப் பிள்ளையின் தாய்க்குத்தான் முதலில் நோகும்.

இனிக் காசுக் கதை. எனக்குப் பேசியது ஒரு போட்டிக்கு 4,000 ரூபா. மாதச் சம்பளம் இல்லை, நியமனக் கடிதம் இல்லை. "எல்லாருக்கும் இப்பிடித்தான் தங்கச்சி, பிறகு நிரந்தரமாக்குவம்" என்றார்கள். வெள்ளவத்தையில் இன்னும் இரண்டு பிள்ளைகளோடு ஓர் அறை. வாரத்தில் போட்டி இல்லாவிட்டால் ஊருக்கு வந்து சுற்றுப்போட்டி அறிவிப்புச் செய்து அந்த அறை வாடகையைக் கட்டினேன். வெள்ளிக்கிழமை இரவு பஸ், ஞாயிறு இரவு பஸ். ஒருவழிக்கு 300 கிலோமீற்றருக்கும் மேல். முறிகண்டியில் பஸ் நின்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்குகிற நேரம்தான் எனக்கு ஊர் வந்த நினைப்பே வரும். 2022 வந்தது. எண்ணெய் இல்லை, கரண்ட் இல்லை, பஸ் காசு அந்த ஒரு வருடத்துக்குள் இரட்டிப்புக்கு மேல் ஏறியது. 4,000 மட்டும் 4,000ஆகவே நின்றது. போட்டி மழையால் கைவிடப்பட்டால் காசு இல்லை. நான் வந்து ஹெட்போனைப் போட்டுக்கொண்டு நான்கு மணித்தியாலம் இருந்ததற்குக் கணக்கில்லை. இரவு பதினொன்றுக்குப் போட்டி முடிந்தால் ஓட்டோக் காசு என்னுடையது. பெண்பிள்ளை இரவில் எப்படிப் போவாள் என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. முதல் மூன்று மாதக் காசு வந்தது. பிறகு "அடுத்த கிழமை", பிறகு "கணக்காளர் லீவு", பிறகு ஃபோனே எடுக்கவில்லை. அந்த நேரம்தான் அம்மாவின் சங்கிலி அடைவுக்குப் போனது. அப்பாவுக்கு இதைச் சொல்லவில்லை. திரையில் பெயர் வருகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதனிடம், அந்தப் பெயருக்குக் காசு வரவில்லை என்று எப்படிச் சொல்வது?

ஆகவே கேளுங்கள். வேலைக்கு ஒத்துக்கொள்ளும்போது கடிதம் தராவிட்டாலும் பரவாயில்லை, நீங்களே ஒரு வட்ஸ்அப் மெசேஜோ மின்னஞ்சலோ போடுங்கள்: "நாங்கள் கதைத்தபடி, இந்தத் திகதி, இந்தப் போட்டி, இத்தனை மணிக்கு வர வேண்டும், கட்டணம் இவ்வளவு, போட்டி கைவிடப்பட்டாலும் இவ்வளவு, இரவு எட்டுக்குப் பிறகு முடிந்தால் போக்குவரத்து உங்களுடையது, காசு இத்தனை நாளுக்குள்." "ஓகே" என்று ஒரு பதில் வந்தால் அது உங்கள் கையில் இருக்கிற ஆதாரம். பதில் வராவிட்டால் அதுவும் உங்களுக்கு ஒரு செய்திதான். பஸ் ஏற வேண்டாம். ஒவ்வொரு போட்டி முடிந்த அன்றைக்கே பில் அனுப்புங்கள், மாதக் கடைசிவரை சேர்க்க வேண்டாம். ஒரு தொடரின் காசு வராமல் அடுத்த தொடருக்குப் போகாதீர்கள்; புது வேலையைக் காட்டித்தான் பழைய கடனை மறக்கப் பண்ணுவார்கள். மாதச் சம்பளத்துக்கு எடுக்கிறோம் என்றால் ஊழியர் சேமலாப நிதியைப் பற்றி வாய்விட்டுக் கேளுங்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதம், அவர்கள் 12 வீதம், அதற்கு மேல் நம்பிக்கை நிதிக்கு அவர்கள் 3 வீதம் கட்ட வேண்டும். போட்டிக்குப் போட்டி காசு என்றால் பெரும்பாலும் இது எதையும் கட்டமாட்டார்கள். அப்போது அந்தக் கட்டணம் அதற்கு ஏற்றபடி கூடவாக இருக்க வேண்டும். இன்னொன்று, நீங்கள் செய்த போட்டிகளில் இருந்து சில நிமிடங்களைத் தரச்சொல்லி முதலிலேயே ஒத்துக்கொள்ள வையுங்கள். பிறகு கேட்டால் தரமாட்டார்கள். அடுத்த வேலைக்குக் காட்ட என்னிடம் இருந்தது, அறைத் தோழி தன் ஃபோனில் ரிவியைப் பிடித்த, படம் நடுங்குகிற வீடியோ ஒன்றுதான்.

இந்த வேலையில் உங்கள் கையில் இல்லாத ஒன்றும் உண்டு. 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை ஃபிஃபா இடைநிறுத்தியது. ஆகஸ்ட் கடைசியில்தான் தடை நீங்கியது. அதே வருடம் நவம்பரில் கிரிக்கெட் சபையை ஐ.சி.சி. இடைநிறுத்தியது. மேலே பெரியவர்கள் அடிபட, கீழே போட்டிக்குப் போட்டி காசு வாங்குகிற எங்களைப் போன்றவர்களின் நாட்காட்டி வெறுமையானது. ஒரு விளையாட்டை மட்டும் நம்பாதீர்கள். உதைபந்து, துடுப்பாட்டம், கரப்பந்து, வலைப்பந்து, மெய்வல்லுநர் என்று குறைந்தது மூன்றின் சட்டதிட்டங்களாவது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். வலைப்பந்தைப் பெண்பிள்ளை என்பதற்காகத்தான் என் தலையில் கட்டினார்கள். அப்போது கோபம் வந்தது. உதைபந்து நின்ற காலத்தில் சோறு போட்டது அந்த வலைப்பந்துதான்.

எல்லாவற்றையும் விடப் பெரிய அடி குரலில் விழுந்தது. கொழும்பில் காசு நின்றதும் ஊரில் கிடைத்த எல்லாச் சுற்றுப்போட்டிக்கும் ஒத்துக்கொண்டேன். ஆனி ஆடி மாதம், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று இரணைமடுப் பக்கம் இருந்து புழுதியை அள்ளிக்கொண்டு வரும். மேசைக்குப் பக்கத்தில் ஜெனரேற்றர். காலை எட்டில் இருந்து மின்னொளியில் இறுதிப்போட்டி முடியும்வரை கதை. தொண்டை காய்ந்தால் ஐஸ் போட்ட சோடா. பின்னேரமாகக் குரல் கரகரக்கும், காலையில் தெளியும். பிறகு காலையிலும் தெளியவில்லை. உயர்ந்த சுருதிக்குப் போனால் வெறும் காற்றுத்தான் வந்தது. அம்மா பனங்கற்கண்டும் மிளகும் போட்டுப் பால் தந்தா, சித்தரத்தை வாயில் அடக்கச் சொன்னா. இதமாக இருந்தது, மாறவில்லை. ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் தொண்டைக் கிருமி என்று அன்ரிபயோட்டிக் தந்தார்கள். முடிய இன்னொரு வகை. பல ஆயிரம் ரூபா போனது, குரல் வரவில்லை. நான் கதைப்பதைக் குறைத்து எல்லோரோடும் குசுகுசுத்தேன். அது இன்னும் கெடுதல் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

கடைசியில் யாழ்ப்பாணத்தில் காது மூக்குத் தொண்டை நிபுணர் ஒருவர் மூக்கு வழியாக மெல்லிய கமராக் குழாயை விட்டுப் பார்த்தார். திரையில் என் குரல்நாண்களை நானே பார்த்தேன். இரண்டு வெள்ளை நாடாக்கள். இரண்டிலும் நேருக்கு நேராக அரிசி முனை அளவில் ஒவ்வொரு தடிப்பு. மூடும்போது அந்தத் தடிப்புகள் மட்டும் ஒன்றோடொன்று முட்டி, மேலும் கீழும் இடைவெளி விட்டு நின்றன. அந்த இடைவெளியால் காற்றுப் போவதால்தான் குரல் கரகரக்கிறது என்றார். "பயப்பிடாதேங்கோ பிள்ளை, இது புற்றுநோய் இல்லை. பாடுற ஆக்கள், ரீச்சர்மார், பிரசங்கம் வைக்கிற ஆக்களுக்கெல்லாம் வாறது. வெட்டத் தேவையில்லை, முதல்ல குரல் பயிற்சி செய்வம்." அந்த அறையை விட்டு வெளியே வந்து வாங்கில் இருந்து அழுதேன். நிம்மதியில் அழுதேனா, பயத்தில் அழுதேனா தெரியாது. குரல்தான் என்னிடம் இருந்த ஒரே முதல்.

பேச்சுச் சிகிச்சையாளரிடம் பழகியதை அப்படியே எழுதுகிறேன், எல்லோருக்கும் பொதுவானவை என்பதால். குரல் கரகரப்பு மூன்று கிழமைக்கு மேல் நீடித்தால் வீட்டு மருந்தையும் அன்ரிபயோட்டிக்கையும் விட்டுவிட்டுக் குரல்நாணைப் பார்க்கிற நிபுணரிடம் நேரே போங்கள். குசுகுசுக்காதீர்கள், சாதாரணமாக மெல்லக் கதையுங்கள் அல்லது பேசாமல் இருங்கள். தொண்டையை 'க்ர்' என்று செருமுவது குரல்நாண்களை மோத விடுகிறது; அதற்குப் பதில் ஒரு மிடறு தண்ணீர் குடித்து விழுங்குங்கள். தண்ணீரைப் போட்டி தொடங்கிய பிறகு குடித்தால் காணாது, காலையில் இருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். இரவு பத்துக்குக் கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் வயிற்றின் புளிப்பு மேலே வந்து குரல்நாணை அரிக்கும். எனக்கு அதுவும் இருந்தது. ஒரு குவளைத் தண்ணீரில் ஸ்ட்ரோவை விட்டு, குமிழி வர வர 'ஊ' என்று மெல்ல ஓசை எழுப்புகிற பயிற்சியை இப்போதும் போட்டிக்கு முன்னும் பின்னும் செய்கிறேன். பார்க்கிறவர்கள் என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

மைதானத்தில் ஏன் அவ்வளவு கத்தினேன் என்றும் அங்கேதான் விளங்கியது. சத்தத்துக்குள் தன் குரல் தனக்குக் கேட்காவிட்டால் மனிதர் தன்னையறியாமலே கத்துவார்கள். மைக் இருக்கிறது, ஸ்பீக்கர் இருக்கிறது, ஆனாலும் எனக்கு நான் கேட்கவில்லை. இப்போது ஒற்றைக் காதில் ஹெட்போன் போட்டு என் குரலை எனக்கே கேட்க வைக்கச் சொல்வேன். சவுண்ட் போடுகிற தம்பி முணுமுணுத்தாலும் விடமாட்டேன். மேசையை ஜெனரேற்றருக்குக் காற்று வருகிற பக்கமாக வைப்பிப்பேன், புகை மற்றப்பக்கம் போகும். ஒரு நாள் முழுக்கப் போட்டி என்றால் இரண்டாவது ஆள் ஒருவரைச் சேர்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டேன். கழகத்துக்குச் செலவு கூடத்தான். அப்படியென்றால் என் பங்கைக் குறைத்துக்கொண்டாவது இரண்டு பேராகச் செய்கிறோம். என்னோடு இருக்கிற அந்த இரண்டாவது பிள்ளை இப்போது தனியாகவே நல்லாகச் செய்கிறாள்.

குரல் திரும்பி வர அரை வருடத்துக்கு மேல் எடுத்தது. முழுதாகப் பழைய குரல் இல்லை, கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. தொலைக்காட்சிக்கு இது பொருத்தம் என்று சொல்கிறார்கள். பகலில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன், அந்த மாதச் சம்பளம்தான் வீட்டுக்கு. வர்ணனையை விடவில்லை. கிளிநொச்சியில் இருந்தே இணைய வழியாகப் படம் வாங்கிச் சொல்கிற வேலைகள் இப்போது வருகின்றன. பாதிக் காசு முன்கூட்டி வந்தால்தான் ஹெட்போனைத் தொடுவேன். ஓர் அறையின் மூலையில் இரண்டு மெத்தையை நிறுத்தி எதிரொலியை அடக்கியிருக்கிறேன். யூபிஎஸ் ஒன்று, இரண்டு நிறுவனத்தின் டேட்டாச் சிம். நேரலையில் இணையம் அறுந்தால் பார்க்கிறவர் உங்களைத்தான் திட்டுவார்.

வராத காசுக்காக மத்தியஸ்த சபையில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. சட்டத்தரணி வைக்கத் தேவையில்லை, அங்கே அவர்கள் வந்து வாதாடவும் முடியாது. இரண்டு பக்கமும் நேரில் இருந்து கதைக்க வேண்டும். இணக்கம் வராவிட்டால் இணங்கவில்லை என்று ஒரு சான்றிதழ் தருவார்கள், அதைக் கொண்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். முதல் தவணைக்கு அவர்கள் தரப்பில் யாரும் வரவில்லை. அடுத்த தவணைக்கு மீண்டும் அழைப்பு அனுப்பியிருக்கிறார்கள். என் ஃபைலில் ஒவ்வொரு போட்டியின் திகதி, அன்றைக்கு அழைத்த மெசேஜ், திரையில் என் பெயர் வந்த படம், நீல மையும் சிவப்பு மையுமாக நான் எழுதிய தாள்கள் எல்லாம் திகதி வாரியாக இருக்கின்றன. இப்படி யாருடைய காசாவது நிற்கிறது என்றால் எனக்கு எழுதுங்கள். முறைப்பாட்டை எப்படி எழுதினேன் என்று அந்தப் பிரதியை அனுப்புகிறேன்.